‘ஸ்டிங்க்’: துர்நாற்றத்துக்கான ஆங்கிலச் சொல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் கெட்ட வாடையைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. அதில் அதிகம் புழங்குவதும், அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் ‘ஸ்டிங்க்’. ஆங்கிலம் படிப்பவர்கள், எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம்.

‘ஸ்டிங்க்’ என்றால் என்ன பொருள்?

வினையாக வந்தால் ‘நாறு’. பெயராக வந்தால் ‘நாற்றம்’. அகராதி அத்தோடு முடித்துக்கொள்ளும். ஆனால் இந்தச் சொல்லோடு, சொல்பவரின் முகச்சுளிப்பும் சேர்ந்தே வருகிறது. அறையில் ஏதோ வாடை இருக்கிறது என்று தகவல் சொல்ல ‘ஸ்மெல்’ போதும். ‘ஸ்டிங்க்’ என்று சொன்னால், எனக்கு இது சகிக்கவில்லை என்ற எரிச்சலும் அதில் அடங்கிவிடுகிறது. இந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எரிச்சல்தான் விடை.

எப்படி உச்சரிப்பது? ‘ஸ்டிங்’ என்பதும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. ‘பிங்க்’, ‘டிரிங்க்’ போல இதிலும் கடைசி ‘க்’ அழுத்தமாகக் கேட்க வேண்டும். அதை விழுங்கிவிட்டால் ‘ஸ்டிங்’ ஆகிவிடும். அதற்குத் தேனீயோ தேளோ கொட்டுவது என்று பொருள்.

சிக்கல் ‘இங்’ விகுதி சேரும்போதுதான். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘ஸ்டிங்கிங்’ என்று ஒரே மாதிரி வந்து நிற்கும். தமிழில் ‘ங்’ என்ற எழுத்துக்குப் பின் வரும் ககரத்தை நாம் ‘தங்கம்’ என்பதில் வருவது போல மென்மையாகவே ஒலிப்போம். நாற்றத்தைச் சொல்ல அந்த மென்மை உதவாது, ‘பக்கம்’ என்பதில் வரும் வல்லோசை வேண்டும். கொட்டுவதைச் சொல்லும்போது ககர ஓசையே தேவையில்லை, மூக்கொலி மட்டும் போதும். ஒருவருடைய விமர்சனத்தை ‘ஸ்டிங்’ வகைப் பேச்சு என்றால் சுருக்கென்று தைத்தது என்று அர்த்தம். ககரத்தை அழுத்திவிட்டால் அது நாற்றம் பிடித்த பேச்சாகிவிடும்.

‘பேட் ஸ்மெல் இஸ் கமிங்’ என்று சொல்லலாமா?

புரியும். ஆனால் அது தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கில உடை போட்டது. ‘நாற்றம் வருகிறது’ என்று நாம் சொல்கிறோம், நம் மொழியில் வாடைக்குக் கால் உண்டு. ஆங்கிலத்தில் வாடை வருவதில்லை, இருக்கிறது. அல்லது பொருளே வாடை வீசுகிறது. ஆகவே ‘தேர் இஸ் எ பேட் ஸ்மெல் ஹியர்’ என்றோ, ‘சம்திங் ஸ்மெல்ஸ் பேட்’ என்றோ சொல்வது இயல்பு. எரிச்சலைக் காட்ட வேண்டுமென்றால் ‘சம்திங் ஸ்டிங்க்ஸ்’.

இன்னொன்று: ‘இட் இஸ் ஸ்மெல்லிங்’, ‘இட் இஸ் ஸ்டிங்கிங்’ என்று தொடர்நிகழ்காலத்தில் சொல்லும் பழக்கம் நம்மிடம் அதிகம். இந்த நேரத்தில் நாறிக்கொண்டிருந்தாலும் ஆங்கிலத்தில் ‘இட் ஸ்டிங்க்ஸ்’ என்பதுதான் சாதாரணப் பேச்சு. அப்புறம், ‘ஸ்மெல்’ என்ற வினைக்குப் பின்னால் ‘பேட்’ வரும், ‘பேட்லி’ வராது. ‘ஹீ ஸ்மெல்ஸ் பேட்லி’ என்றால் அவருக்கு மோப்ப சக்தி சரியில்லை என்று ஒருவர் வேண்டுமென்றே குதர்க்கமாகப் பொருள் கொள்ளலாம்.

‘ஸ்டிங்க்’ என்ற வினைக்கு ‘பேட்’ துணையே வேண்டாம். கெட்டது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

இறந்தகாலம் ‘ஸ்டாங்க்’கா, ‘ஸ்டங்க்’கா?

‘டிரிங்க், டிராங்க், டிரங்க்’ வரிசையை நினைத்துக்கொண்டால் போதும். நேற்று நாறியது என்றால் ‘ஸ்டாங்க்’. ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் ‘ஸ்டங்க்’. அமெரிக்கப் பேச்சில் இறந்தகாலத்துக்கும் ‘ஸ்டங்க்’ என்றே பலர் சொல்கிறார்கள். அகராதிகளும் அதை ஏற்கின்றன. ‘ஸ்டிங்க்ட்’ மட்டும் கிடையாது.

‘ஸ்டிங்க் ஆஃப்’, ‘ஸ்டிங்க் லைக்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சட்டை முழுக்கப் புகை அப்பியிருக்கிறது, அந்தப் புகையின் நாற்றமே அடிக்கிறது என்றால் ‘ஆஃப்’. அந்தப் பொருள் அங்கே இல்லாமல், அதைப் போன்ற நாற்றம் மட்டும் அடித்தால் ‘லைக்’. காலுறையில் அழுகிய முட்டை இல்லை, முட்டை போல நாறுகிறது, ஆகவே ‘லைக்’. ‘வித்’ போடுவது தவறு.

‘ஸ்மெல்’, ‘ஓடர்’, ‘ஸ்டிங்க்’, ‘ஸ்டென்ச்’, ‘ரீக்’ எல்லாம் ஒன்றுதானே?

மூக்குக்கு வேண்டுமானால் ஒன்றாக இருக்கலாம், வாக்கியத்துக்கு இல்லை.

‘ஸ்மெல்’ நடுநிலையானது. நல்லதா கெட்டதா என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்ல வேண்டும். ஆனால் அடைமொழி இல்லாமல் தனியாக விட்டால் அது கெட்ட பக்கம் சாய்ந்துவிடும். ‘திஸ் ரூம் ஸ்மெல்ஸ்’ என்றால் மல்லிகை மணக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘ஓடர்’ ஆய்வகத்துச் சொல். அறிக்கை, மருத்துவக் குறிப்பு, பொருள்களின் லேபிள் ஆகியவற்றில் வாழ்கிறது. ‘டியோடரன்ட்’ என்ற பெயரில் ஒளிந்திருப்பதும் இதுவே. எந்த உணர்ச்சியும் காட்டாமல் நாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் இதை எடுக்கலாம்.

‘ஸ்டென்ச்’ பெயர்ச்சொல்லாகத்தான் பெரும்பாலும் வரும். ‘ஸ்டிங்க்’ என்பதைவிடக் கனமானது, அடர்த்தியானது. பிணம், சாக்கடை, நாள்கணக்கில் அழுகிய குப்பை போன்றவற்றுக்கு இது. செய்திகளில் இதுதான் அதிகம். ‘ஸ்டிங்க்’ பேச்சுவழக்கின் பக்கம் சாய்ந்திருப்பதால், பேரிடர்ச் செய்தியில் அதைப் போட்டால் விளையாட்டுத்தனமாகத் தெரியும்.

‘ரீக்’ எனக்குப் பிடித்த சொல். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குப் புகை என்று பொருள். ஜெர்மனில் புகையைக் குறிக்கும் ‘ரௌக்’ இதன் உறவுக்காரச் சொல். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்கு ‘ஓல்ட் ரீக்கி’ என்ற பட்டப்பெயர் உண்டு. அடுப்புப் புகை சூழ்ந்த ஊர் என்பது அதன் பொருள். அந்தப் புகைக் குணம் இன்றும் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பிலிருந்தோ துணியிலிருந்தோ கிளம்பி, சுற்றிலும் பரவி, போன பிறகும் நிற்கும் வாடைக்கு ‘ரீக்’ பொருத்தம். மது, சிகரெட், மட்டமான சென்ட் மூன்றுக்கும் இதையே சொல்வார்கள்.

பிரிட்டிஷ் பேச்சில் ‘பாங்’, ‘விஃப்’, ‘நிஃப்’ என்று சில வேடிக்கைச் சொற்களும் உண்டு. நாற்றத்தை லேசாகக் கிண்டலடிக்க உதவும். எழுத்தில் அவ்வளவாகத் தேவைப்படாது.

ஒவ்வொரு வகை நாற்றத்துக்கும் தனிச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது, அவற்றைத் தெரிந்துகொண்டால் ‘ஸ்டிங்க்’ என்பதைப் பாதி இடங்களில் தவிர்த்துவிடலாம். ‘மஸ்டி’ என்பது காற்றோட்டம் இல்லாத அலமாரி, பழைய புத்தகம் ஆகியவற்றின் மக்கிய வாடை. ‘ரான்சிட்’ எண்ணெயும் கொழுப்பும் கெட்டுப்போன சிக்கு வாடை. ‘பியூட்ரிட்’ இறைச்சி அழுகுவது. ‘ஃபிஷி’ மீன் கவிச்சி. ஒரு விஷயம் சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது என்பதற்கும் அதே சொல்தான். ‘ஆக்ரிட்’ என்பது ரப்பர், பிளாஸ்டிக் எரியும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாடை. ‘பஞ்சென்ட்’ நெடி. இந்தக் கடைசிச் சொல்லில் ஒரு எச்சரிக்கை: அது கெட்ட வாடையைத்தான் குறிக்க வேண்டும் என்றில்லை. மிளகாய் தாளிக்கும் நெடியும் ‘பஞ்சென்ட்’தான்.

ஆரம்பத்திலிருந்தே இது கெட்ட வார்த்தைதானா?

இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்கன்’ என்ற வினைக்கு வாடை வீசு என்பதுதான் பொருள். நல்ல வாடையா கெட்ட வாடையா என்ற பேதம் அதில் இல்லை. இனிமையாக மணக்கிறது என்பதற்கும் அதே வினையைப் போட்டிருக்கிறார்கள். ‘ஸ்டென்ச்’ என்பதன் மூலமும் அப்படியே. பூவின் நறுமணத்துக்கும் அது பொருந்தியது. கெட்ட பொருள் அப்போதே உடன் இருந்தது என்றாலும், 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அதுவே ஆளத் தொடங்கி, நல்ல பொருளை வெளியே தள்ளிவிட்டது. இப்போது ‘ஸ்மெல்’ அதே பாதையில் மெல்லச் சறுக்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய கதை இல்லை. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டது மணத்தைப் பற்றி. அந்த ‘நாறு’ இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மொழிகள், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத காலத்தில், ஒரே சரிவில் இறங்கியிருக்கின்றன. நல்ல மணத்தை அனுபவித்துவிட்டு நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம், கெட்ட வாடை வந்தால்தான் வாய் திறக்கிறோம் என்பது காரணமாக இருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

‘கிரேட் ஸ்டிங்க்’ என்பது என்ன?

1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனைத் திணறவைத்த நாற்றத்தின் பெயர். அந்த நகரத்தின் கழிவு முழுக்கத் தேம்ஸ் ஆற்றில் போய் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் பரவப் பரவ, முன்பு வீட்டுக் குழிகளில் தேங்கிய மலம் நேராக ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு வெயில் கொளுத்தியதில் ஆறு வற்றி, கரையெல்லாம் கழிவு காய்ந்து கிடந்தது. நாடாளுமன்றக் கட்டடம் ஆற்றங்கரையிலேயே இருந்ததால், உறுப்பினர்களால் உள்ளே உட்கார முடியவில்லை. ஜன்னல் திரைகளைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். பயனில்லை.

அதற்கு முன் பல ஆண்டுகளாகப் பேசிப் பேசியே தள்ளிப்போட்ட விஷயம், மூக்கில் ஏறியதும் வேகம் பிடித்தது. அப்போதைய நிதியமைச்சர் டிஸ்ரேலி கொண்டுவந்த சட்டம் 18 நாள்களில் நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பசால்ஜெட் தலைமையில், கழிவை ஊருக்குக் கிழக்கே கொண்டுபோகும் பெரிய நிலத்தடிச் சாக்கடை வலை கட்டப்பட்டது. இன்றைக்கும் லண்டன் அந்த வலையைப் பயன்படுத்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலரா போன்ற நோய்களைக் கெட்ட காற்றுதான் பரப்புகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். சுகாதாரச் சீர்திருத்தவாதியான எட்வின் சாட்விக், கடுமையான நாற்றம் என்றாலே நோய்தான் என்ற அளவுக்குப் பேசியவர். 1854இல் பிராட் தெருவின் அடிகுழாயை வைத்து, காலரா தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டியிருந்தார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் 1858 ஜூன் 16 அன்று, நாற்றம் உச்சத்தில் இருந்த நாள்களில், இறந்துபோனார். நாற்றத்தை விரட்டக் கட்டிய சாக்கடை, கழிவைக் குடிநீரிலிருந்து பிரித்ததால் காலராவையும் விரட்டியது. காரணம் தவறு, வேலை சரி. ‘கிரேட் ஸ்டென்ச்’ என்று கனமாகப் பெயரிடாமல் ‘ஸ்டிங்க்’ என்றே வைத்ததில், அன்றைய லண்டன்வாசிகளின் பொறுமையிழப்பு நன்றாகவே தெரிகிறது.

நாற்றமே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வருகிறதே?

அதுதான் இன்றைய பேச்சில் அதிகம். ஒரு யோசனை ‘ஸ்டிங்க்ஸ்’ என்றால் படுமோசம். ஒரு ஒப்பந்தம் ‘ஸ்டிங்க்ஸ்’ என்றால் உள்ளே ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. ‘ஐ ஸ்டிங்க் அட் மேத்ஸ்’ என்றால் எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. குளிக்கவில்லை என்று அர்த்தமில்லை. தில்லுமுல்லு அப்பட்டமாகத் தெரிகிறது என்றால் ‘ஸ்டிங்க்ஸ் டு ஹை ஹெவன்’.

‘கிக் அப் எ ஸ்டிங்க்’, ‘ரெய்ஸ் எ ஸ்டிங்க்’ இரண்டும் புகார் சொல்லி ஊரைக் கூட்டுவது. இதைச் செய்பவர் பக்கம் நியாயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சொல்பவருக்கு அந்த ஆர்ப்பாட்டம் பிடிக்கவில்லை என்பது நிச்சயம். ஆகவே ‘நான் நியாயத்துக்காகக் குரல் கொடுத்தேன்’ என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதும்போது இதைத் தவிர்ப்பது நல்லது.

‘கிரை ஸ்டிங்கிங் ஃபிஷ்’ என்று பழைய பிரிட்டிஷ் மரபுத்தொடர் ஒன்று உண்டு. தான் விற்கும் மீன் நாறுகிறது என்று தானே கூவுவது, அதாவது தன் சரக்கைத் தானே மட்டம் தட்டுவது. இப்போது அரிதாகிவிட்டது, பாவம்.

‘ஸ்டிங்கிங் ரிச்’ என்றால் ஊழல் பணமா?

கட்டாயம் இல்லை. அளவுக்கு மீறிய பணக்காரர், அவ்வளவுதான். இங்கே ‘ஸ்டிங்கிங்’ என்பது ‘மிக’ என்ற வேலையைச் செய்கிறது. ஆனால் பொறாமையும் இளக்காரமும் கலந்த ‘மிக’. ‘ஸ்டிங்கிங் கோல்ட்’ என்றால் மூக்கு ஒழுகும் மோசமான ஜலதோஷம். ‘வொர்க் லைக் ஸ்டிங்க்’ என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் வெறித்தனமாக உழைப்பது.

‘ஸ்டிங்கர்’?

மூன்று இடங்களில் பார்க்கலாம். கடினமான தேர்வுக் கேள்வி அல்லது குறுக்கெழுத்து. ஆட்டத்தில் ஒருவர் மிக மோசமாக ஆடிய நாள். அலுவலக ஆங்கிலத்தில், திட்டித் தீர்க்கும் கடிதம் அல்லது மின்னஞ்சல். மேலதிகாரி ‘ஸ்டிங்கர்’ அனுப்பினார் என்றால் அன்றைக்கு அவருடைய அறைப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

ஒருவரிடம் ‘யூ ஸ்டிங்க்’ என்று சொல்லலாமா?

நெருங்கிய நண்பனிடம், சிரித்துக்கொண்டே என்றால் சரி. மற்ற எல்லோரிடமும் அது அவமானம். அதிலும் இரட்டை அவமானம்: உடம்பு நாறுகிறது என்றும் பொருள், நீ உருப்படாதவன் என்றும் பொருள். ‘யூ ஸ்மெல்’ என்று மாற்றினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

உடன் வேலை செய்பவரின் வியர்வை வாடையைப் பற்றி உண்மையிலேயே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், ‘பாடி ஓடர்’ என்ற நடுநிலைச் சொல்லைத் தனியாக, தாழ்ந்த குரலில் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் இதை ‘பி.ஓ.’ என்று சுருக்குவார்கள். முகத்துக்கு நேராக அந்தச் சுருக்கத்தையும் சொல்வது வழக்கமில்லை. குழந்தைகளிடமும் வளர்ப்பு நாய்களிடமும் ‘ஸ்டிங்கி’ என்று கொஞ்சலாகச் சொல்வதுண்டு, அதில் தவறில்லை.

புகார்க் கடிதத்தில் எந்தச் சொல்லை எழுதுவது?

கோபம் எவ்வளவு இருந்தாலும் ‘ஸ்டிங்க்’ வேண்டாம். எரிச்சலில் எழுதிய கடிதம் என்று ஓரமாக வைத்துவிட அது வசதி செய்து கொடுக்கும். ‘ஃபவுல் ஸ்மெல்’ அல்லது ‘அஃபென்சிவ் ஓடர்’ என்று எழுதி, எங்கிருந்து, எந்த நேரத்தில், எத்தனை நாளாக என்று விவரம் சேர்த்தால் கடிதத்துக்கு எடை கூடும். ‘மலோடரஸ்’ என்று ஒரு சொல் உண்டு. பொருள் சரி, ஆனால் அகராதியைத் திறந்துவைத்து எழுதியது போல இருக்கும்.

மருத்துவர்கள் என்ன சொல்வார்கள்?

வாய் நாற்றம் ‘ஹாலிடோசிஸ்’. மூச்சு என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து உருவானது. இது மருத்துவ நூல்களைத் தாண்டிப் பொதுமக்கள் வாயில் புகுந்ததற்கு, 1920களில் வந்த லிஸ்டரின் விளம்பரங்கள் முக்கியக் காரணம். நாற்றத்துக்கு ஒரு நோய்ப்பெயர் கிடைத்ததும் வாய்கொப்பளிக்கும் திரவம் நன்றாக விற்றது. வியர்வை நாற்றம் ‘புரோமிட்ரோசிஸ்’. உடலில் மீன் வாடை வீசும் அரிய மரபுக் கோளாறு ஒன்று உண்டு, அது ‘டிரைமெத்திலமினூரியா’. டிரைமெத்திலமீன் என்ற பொருளை உடல் சரியாகச் சிதைக்க முடியாததால் வருவது. மீன் கெடும்போது வீசும் வாடைக்கும் அதே பொருள்தான் காரணம்.

பூச்சி, விலங்கு, செடிகளின் பெயரிலும் ‘ஸ்டிங்க்’ வருகிறதே?

‘ஸ்டிங்க் பக்’ என்பது நசுக்கினாலோ மிரட்டினாலோ நாற்றத் திரவம் விடும் பூச்சிக் கூட்டம். அந்த நாற்றத்துக்குக் காரணமான ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்களில் சில கொத்தமல்லித் தழையிலும் இருக்கின்றன. கொத்தமல்லி என்றாலே மூக்கைப் பொத்துகிறவர்கள் சிலர் ‘பூச்சி வாடை’ என்று சொல்வது வெறும் கற்பனை இல்லை.

‘ஸ்டிங்க்ஹார்ன்’ ஒரு காளான். அழுகல் நாற்றம் வீசி ஈக்களை வரவழைத்து, தன் வித்துகளை அவற்றின் காலில் ஒட்டி அனுப்பிவிடும். பிண நாற்றம் வீசும் பூக்களுக்கும் அதே தந்திரம்தான். சுமத்ராவின் காடுகளில் வளரும் டைட்டன் ஆரம் என்ற பெரிய பூவை இத்தாலியரான ஒடோர்தோ பெக்காரி 1878இல் கண்டு உலகுக்குச் சொன்னார். அது மலர்ந்தால் பார்க்க இப்போதும் தாவரப் பூங்காக்களில் கூட்டம் வரிசை கட்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

‘ஸ்கங்க்’ என்ற விலங்கின் பெயர் ‘ஸ்டிங்க்’ போலவே ஒலித்தாலும் உறவில்லை. அது வட அமெரிக்கப் பூர்வகுடி மொழி ஒன்றிலிருந்து வந்தது. அது பீய்ச்சும் திரவத்தில் தயோல்கள் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. சுமார் 3 மீட்டர் தூரம் குறிபார்த்து அடிக்கும்.

சமையல் எரிவாயுவின் நாற்றத்தையும் இப்படித்தான் சொல்வார்களா?

அந்த வாயுவுக்குத் தனியாக வாடையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்கேப்டன் போன்ற கந்தகச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். காற்றில் நூறு கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், வாடையற்ற வாயு கசிந்து வெடித்து 300 பேர் அளவில் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகுதான் அங்கே வாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது. சுரங்கங்களிலும் ஆபத்து வந்தால் காற்றோட்டக் குழாயில் ‘ஸ்டென்ச் கேஸ்’ விட்டு, உள்ளே இருப்பவர்களை எச்சரிக்கும் வழக்கம் உண்டு.

ஒரு எச்சரிக்கை: நாற்றம் குறைந்துவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணக் கூடாது. எந்த வாடைக்கும் மூக்கு பழகிவிடும். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். அந்த வாயுவுக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பழைய பெயர் ‘ஸ்டிங்க் டேம்ப்’.

‘ஸ்டிங்க் ஐ’, ‘ஸ்டாங்க் ஃபேஸ்’ என்றால்?

முதலாவது, ஒருவரை முறைத்துப் பார்ப்பது. ஹவாய்த் தீவுகளின் பேச்சு ஆங்கிலத்திலிருந்து பரவியது. இரண்டாவது இசைக்காரர்களின் சொல். தாளமோ பேஸ் கிட்டாரோ அபாரமாக விழும்போது, நாற்றம் பட்டது போல முகம் தானாகச் சுருங்குமே, அது. இங்கே மட்டும் இது பாராட்டு.

தமிழில் மொழிபெயர்க்கும்போது ‘நாறுகிறது’ என்று போட்டால் போதுமா?

உண்மையான நாற்றம் என்றால் போதும். இன்னும் கொஞ்சம் கவனித்தால் தமிழில் நல்ல தேர்வுகள் உண்டு. மூத்திரத்துக்கு வீச்சம், மீனுக்குக் கவிச்சி, பழைய குழம்புக்கு ஊசல் வாடை, அழுகிய புண்ணுக்கும் பிணத்துக்கும் முடை நாற்றம். பேச்சில் ‘கப்படிக்கிறது’ என்பது ‘ஸ்டிங்க்ஸ்’ என்பதற்கு மிக நெருக்கம். அதே எரிச்சல், அதே பேச்சுத்தன்மை. ‘துர்நாற்றம்’ அறிக்கை மொழி, அதனால் ‘ஃபவுல் ஓடர்’ வரும் இடத்தில்தான் அது பொருந்தும். கதையில் வரும் பத்து வயதுப் பையன் ‘இட் ஸ்டிங்க்ஸ்!’ என்று கத்தும்போது ‘துர்நாற்றம் வீசுகிறது!’ என்று எழுதினால், அவனுக்கு ஒரே வரியில் ஐம்பது வயது கூடிவிடும்.

உருவகமாக வரும்போதுதான் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்குகிறார்கள். தமிழில் ஒரு விவகாரம் ‘நாறுகிறது’ என்றால், அது ஏற்கெனவே அம்பலமாகி ஊர் சிரிக்கிறது என்று பொருள். ‘பேர் நாறிப்போச்சு’, ‘நாறடிச்சுட்டான்’ எல்லாம் அந்த வகை. ஆங்கிலத்தில் ‘தி டீல் ஸ்டிங்க்ஸ்’ என்பவர், இன்னும் எதுவும் வெளியே வரவில்லை, ஆனால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்கிறார். அதை ‘இந்த ஒப்பந்தம் நாறுகிறது’ என்று பெயர்த்தால், துப்பறியும் கதையின் மூன்றாவது அத்தியாயத்திலேயே குற்றம் வெளிப்பட்டுவிட்டதாக வாசகர் நினைத்துக்கொள்வார். ‘இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது’ என்று எழுதினால் சரியாக இருக்கும். படம், ஆட்டம், யோசனை ஆகியவற்றைச் சொல்லும் ‘ஸ்டிங்க்ஸ்’ என்பதற்கு ‘படுமட்டம்’, ‘சகிக்கலை’ இரண்டும் பொருந்தும். ‘ரெய்ஸ் எ ஸ்டிங்க்’ என்பதற்கு ‘ரகளை பண்ணு’ போதும்.